கிரேப்வைன் ஏற்றத்தில் ஒரு வீடு

2012 ஜூலை மாதத்து மதியம். கலிஃபோர்னியாவின் ஐ-5 நெடுஞ்சாலை, நடுப் பள்ளத்தாக்கின் தட்டையான வயல்களை முடித்துக்கொண்டு மலையைத் தொடும் இடம். ஏசியை அணைக்கச் சொல்லி ஓரத்தில் ஒரு பலகை. அவர் அணைத்தார். முள் 60-இலிருந்து 55, 50, 45 என்று படியிறங்கி 42 மைலில் போய் உட்கார்ந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, இன்ஜினை மூடியிருக்கும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கதறல். காலை அழுத்தினால் கதறல் கூடுகிறது. இன்ஜின் வெடித்துவிடுமோ என்று பயந்து அவர் காலைத் தளர்த்தினார். காலி லாரி ஒன்று நிதானமாக அவர்களை முந்திக்கொண்டு போனது.

“ஏங்க, நாம போயிட்டிருக்கோமா, நின்னுட்டோமா?” என்றார் மனைவி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு மூன்று வருடமும் 2,900 டாலரும் ஆயின. (அவர்தான் இதை எழுதுகிறார். தன் அசட்டுத்தனத்தைத் தன்மையில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் படர்க்கையில் ஒளிந்துகொள்கிறார்.)

வண்டி 2006 மாடல். ஃபோர்டு ஈ-450 சேசிஸ் மேல் கட்டிய 31 அடி மோட்டார்ஹோம். அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு சி வகுப்பு என்று பெயர். முன்னால் வேனின் முகம், அதன் தலைக்கு மேல் ஒரு படுக்கைக்காகத் துருத்திக்கொண்டிருக்கும் நெற்றி, பின்னால் அடுப்பு, குளியலறை, சாப்பாட்டு மேசை என்று ஒரு குடித்தனம். இன்ஜின் 6.8 லிட்டர், பத்து சிலிண்டர், பெட்ரோல். நிமிடத்துக்கு 4,250 சுற்றில் 305 குதிரைத்திறன். இரண்டாம் கையாக வாங்கியபோது அந்த எண்ணைக் கேட்டுத்தான் அவர் மயங்கினார். லாரிகளுக்கான எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் இன்னொரு எண் தெரிந்தது: 13,640 பவுண்டு. கிட்டத்தட்ட 6,190 கிலோ. அந்தச் சேசிஸுக்கு அனுமதித்த உச்சமே 14,050 பவுண்டுதான். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், இரண்டு சைக்கிள், அரிசி மூட்டை. கிரைண்டரும்தான். அதை வீட்டில் விட்டுவிட்டு வர மனைவி கடைசிவரை சம்மதிக்கவில்லை.

பெட்ரோல் தொட்டி 55 காலன். காலன் 4 டாலரை ஒட்டி விற்ற நாள்கள் அவை, எனவே ஒரு முறை நிரப்பினால் 220 டாலர். மனைவி தொழில்முறைக் கணக்காளர். முதல் பயணத்திலேயே ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து, தேதி, ஊர், மைல், காலன் என்று நான்கு பத்தி கிழித்துவிட்டார். அந்த வருடக் கோடைச் சராசரி காலனுக்கு 7.9 மைல். லிட்டருக்கு 3.4 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐம்பது பேரை அடைத்துக்கொண்டு போகும் தமிழ்நாட்டு அரசு பஸ்கூட ஒரு லிட்டர் டீசலில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

இதற்கு மருந்து விற்கிறவர்களுக்குத் தென் கலிஃபோர்னியாவில் பஞ்சமே இல்லை. இன்ஜினைக் கழற்றி மாட்டுவது அங்கே ஒரு குலத்தொழில். கேல் பேங்க்ஸ் என்பவர் 1958-இல் தொடங்கிய நிறுவனம், மோட்டார்ஹோம்களுக்கென்றே எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்புகளைச் செய்து பேர்வாங்கியது. ஃபோர்டு 460, ஷெவர்லே 454 ஆகிய 7 லிட்டருக்கு மேற்பட்ட கார்புரேட்டர் இன்ஜின்கள் வீடுகளை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட இன்ஜின்களில் திருத்துவதற்கு நிறைய இடம் இருந்தது. நம்மவர் கையிலிருந்ததோ, காற்றையும் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் அளந்து ஊட்டும் இன்ஜின். இந்த வித்தியாசத்தை அவர் அப்போது யோசிக்கவில்லை. விளம்பரங்களில் “அதிக பவர்”, “அதிக மைலேஜ்” என்ற இரண்டும் கைகோத்தபடியே வந்ததால், ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வரும் என்று நம்பினார்.

முதலில் ஏர் ஃபில்டர். அக்டோபரில், 280 டாலருக்கு, தபாலில் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளப்பான குழாயும் சிவப்புக் கூம்பும் மாட்ட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. மாட்டியதும் இன்ஜின் மூச்சு வாங்கும் சத்தம் கம்பீரமாகக் கேட்டது. அந்த நவம்பரில் கிரேப்வைனில் ஏறியபோது பதினொரு வயது மகன் முள்ளைப் பார்த்து அறிவித்தான்: “42-தான்ப்பா.”

காரணம் பின்னால்தான் புரிந்தது. வாய்க்காலை அகலப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாக வரும் என்று நினைத்தார். மதகு பாதி மூடியிருப்பதை மறந்துவிட்டார். பெட்ரோல் இன்ஜினில் அந்த மதகு த்ராட்டில் தகடு. அதைத் திறந்து மூடுவது ஓட்டுகிறவரின் வலது கால். சமவெளியில் 60 மைலில் போகும்போது தகடு பாதிகூடத் திறந்திருக்காது. அந்த நேரத்தில் ஃபில்டர் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், உள்ளே போகும் காற்றின் அளவு தகடு விட்டதுதான். அந்தக் காற்றை சென்சார் அளக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் தருகிறது. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தைச் சிவப்புக் கூம்பு மாற்றாது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்திருக்கிறது. நவீன பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதிது போட்டாலே மைலேஜ் மாறவில்லை. வேகமெடுப்பது மட்டும் சில சதவீதம் மேம்பட்டது. அவர் கழற்றி வைத்ததோ அடைக்காத, நல்ல ஃபில்டர்.

சத்தத்துக்காகக் கொடுத்த காசு என்று மனைவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனித் தலைப்பு போட்டு 280 என்று எழுதினார். அந்தத் தலைப்பு அப்புறம் வளர்ந்தது.

2013 மார்ச்சில் ஹெடர். இன்ஜினின் பத்துத் துளைகளிலிருந்து வரும் புகையை வார்ப்பிரும்புக் குழாயில் முட்டி மோத விடாமல், ஒவ்வொன்றுக்கும் தனி வளைகுழாய் கொடுத்துப் பிறகு சேர்ப்பதுதான் ஹெடர். புகை லேசாக வெளியேறினால், அதைத் தள்ளிவிட பிஸ்டன் செலவழிக்கும் உழைப்பு மிச்சம். தத்துவம் சரிதான். பொருத்திய பட்டறையில் இரண்டு நாள் வேலை மூன்றானது. ஏழு வருடம் வெந்து வெந்து ஆறிய போல்ட் ஒன்று தலை மட்டும் கையோடு வர, உடல் உள்ளேயே நின்றுவிட்டது. அதன் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, சூடு ஆறுவதற்குள் முறுக்கி எடுத்தார் பட்டறைக்காரர். வேன் இன்ஜினில் வேலை செய்வது, கதவைத் திறக்காமல் அலமாரியை ஒழுங்குபண்ணுவது மாதிரி. பாதி முன்னாலிருந்து, பாதி இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மூடியைத் தூக்கி, பாதி படுத்துக்கொண்டு. கணக்குப் பார்த்தால் மூன்று பாதி வரும். பில்லும் அந்தக் கணக்கில்தான் வந்தது: 2,100 டாலர்.

கிரேப்வைனில் முள் 44-இல் நின்றது.

இரண்டு மைல் கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஹெடரின் பலன் பெரும்பாலும் உயர்ந்த சுற்றில்தான் தெரியும். இன்ஜின் 4,000 சுற்றைத் தொடும்போதுதான் புகை வெளியேற இடமில்லாமல் நெரிபடும். அவரோ 3,500-லேயே பயந்து காலை எடுக்கிறவர். கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வாசல் கூடுதலாக வைத்துவிட்டு, நூறு பேரை மட்டும் கூப்பிட்ட கதை.

செப்டம்பரில் ட்யூனர். கைக்கு அடக்கமான ஒரு கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி என்ற சோதனைத் துளையில் செருகினால், இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நிரலை மாற்றி எழுதும். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளும், கியர் எப்போது மாற வேண்டும் என்பதைத் திருத்தும். பழைய நிரலைத் தன் வயிற்றில் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும். வேண்டுமென்றால் திரும்ப எழுதலாம். 520 டாலர். இதில் மட்டும் வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. முன்பு சின்ன மேடு வந்தாலே ஐந்தாவதிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து என்று கியர் தடுமாறும். இப்போது இறங்கினால் இறங்கிய கியரிலேயே நின்று இழுத்தது. கிரேப்வைனில் அது தானாகவே மூன்றாவதுக்கு இறங்கிப் பிடித்துக்கொள்ள, பயந்துகொண்டே காலை எடுக்காமல் இருந்தார். 50 மைல்! மகன் கைதட்டினான்.

அந்த அக்டோபர்ப் பயணம் முடிந்ததும் நோட்டைப் பார்த்து அவர் துள்ளினார். ஜூலையில் 1,100 மைலுக்கு 143 காலன், அதாவது 7.7. அக்டோபரில் 1,060 மைலுக்கு 119 காலன், அதாவது 8.9. பதினைந்து சதவீத உயர்வு. ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னார். இரண்டு பேர் ட்யூனரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மனைவி காபியோடு வந்து உட்கார்ந்து கேட்டார்: “ஏங்க, ஜூலையில ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மோட்டார்ஹோமின் ஜெனரேட்டருக்குத் தனித் தொட்டி கிடையாது. வண்டியின் பெட்ரோல் தொட்டியிலிருந்தேதான் அதுவும் குடிக்கும். கால் தொட்டி மீதமிருக்கும்போது அதன் குழாய்க்கு எட்டாதபடி வைத்திருப்பார்கள், ஏசி போட்டுத் தூங்கி எழுந்து பாலைவனத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதே. ஜூலையில் கொளுத்தும் வெயில். ராத்திரி முழுக்க கூரை ஏசி, காலையில் கிரைண்டர். ஜெனரேட்டரின் மணி மீட்டரை மனைவி பயணத்துக்கு முன்னும் பின்னும் குறித்து வைத்திருந்தார்: 31 மணி நேரம். மணிக்கு அரை காலன் என்று வைத்தாலும் பதினைந்து காலன் பெட்ரோல் மாவரைக்கவும் தூங்கவும் போயிருக்கிறது. அக்டோபரில் ஓடியதோ இரண்டே மணி நேரம். கழித்துப் பார்த்தால் ஜூலைக்கு 8.6, அக்டோபருக்கு 9.0.

“மிச்சம் 0.4 இருக்குல்ல?” என்றார் அவர், விடாமல்.

மனைவி நோட்டைத் திருப்பிக் காட்டினார். பிஷப்பிலிருந்து தெற்கே, பின்காற்றோடு இறங்கிய ஒரு தொட்டி 9.6. பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் சான் கோர்கோனியோ கணவாயில், ஆயிரக்கணக்கான காற்றாலைகளுக்கு நடுவே மேற்கு நோக்கி வந்த ஒரு தொட்டி 6.1. இரண்டும் ஒரே இன்ஜின், ஒரே ஃபில்டர், ஒரே மாதம். அவ்வளவு காற்றாலைகளை ஓரிடத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே காற்று எப்படி அடிக்கும் என்பது தெரிந்ததுதானே. தொட்டிக்குத் தொட்டி மூன்றரை மைல் ஆடுகிற தராசில் 0.4-ஐ எப்படி நிறுப்பது? பம்பு தானாக நிற்கும் இடம் ஒரு பெட்ரோல் பங்கில் முன்னே, இன்னொன்றில் பின்னே இருக்கும். தரை சரிந்திருந்தால் தொட்டி நிரம்பாமலே நிரம்பியதாகக் காட்டும். ஒரு தொட்டியை வைத்து மைலேஜ் கூடிவிட்டது என்று சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் கணக்காளர் இல்லை.

பிற்பாடு அவர் வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரு தகவல்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தியது என்று ஒன்றும் தேறவில்லை.

2014-இல் புகைச் சோதனை வந்தது. கலிஃபோர்னியாவில் இது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மோட்டார்ஹோமுக்கும் உண்டு. குழாயில் வரும் புகை மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. முன்மூடியைத் திறந்து, மாற்றிப் போட்ட உதிரி ஒவ்வொன்றுக்கும் மாநிலக் காற்று வள வாரியம் கொடுத்த ஆணை எண் ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். ஹெடருக்கு இருந்தது. சிவப்புக் கூம்புக்கு இல்லை. மலிவு என்று அவர் தேடிப்பிடித்து வாங்கிய அந்தப் பொட்டலத்தின் அடியில், கலிஃபோர்னியாவில் பயன்படுத்துவதற்கல்ல என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்திருக்கிறது. சோதனையில் தோல்வி. பழைய கறுப்புப் பெட்டியைத் தேடிக் கராஜுக்கு ஓடினார். மனைவி அதைத் தூக்கிப் போடாமல் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தார். வெங்காயத்தை வாளியில் கவிழ்த்து, சருகைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு போனதும் வண்டி தேறியது. அந்தக் கோடையில் கிரேப்வைனில் முள் காட்டியது: 50. கூம்பு போனதை இன்ஜின் கவனித்ததாகவே தெரியவில்லை.

கவனிக்க வேண்டியதை அவருக்குக் காட்டியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் பிஷப் ஊரின் முகாம் மைதானத்தில் பக்கத்து இடத்தில் நின்றிருந்த எழுபது வயதுக்காரர். அவரிடம் இருந்தது ஜிஎம்சி மோட்டார்ஹோம். 1973-லிருந்து 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய, தரையோடு தாழ்ந்த, வழுவழுவென்ற அழகி. பதிமூன்றாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மொத்தமே செய்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் முன்சக்கர இழுவையை அப்படியே எடுத்து வைத்த வண்டி. பின்னால் உருளும் தண்டு கிடையாது என்பதால் தரைத்தளத்தை அவ்வளவு தாழ்த்த முடிந்தது. 7.5 லிட்டர் இன்ஜினில் அந்தப் பெரியவர் கைவைக்கவே இல்லை. மாற்றியது கடைசி கியர் விகிதத்தை மட்டும்: 3.07 ஆக இருந்ததை 3.70 ஆக்கியிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜின் அப்படியே இருக்க, சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. மைலேஜ் என்னாயிற்று என்று இவர் கேட்டபோது, பெரியவர் தோளைக் குலுக்கினார். முன்பு திணறிக்கொண்டு குடித்தது, இப்போது திணறாமல் குடிக்கிறது, அளவு ஏறக்குறைய அதேதான் என்றார். பிறகு இவருடைய வண்டியின் நெற்றியை நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொருவர் மச்சினன். 2015 ஜூலையில் குடும்பத்தோடு டெக்ஸஸிலிருந்து வந்தவன், வாடகைக்கு ஒரு மோட்டார்ஹோம் எடுத்தான். அதே ஈ-450, அதே பத்து சிலிண்டர், ஏறக்குறைய அதே நீளம். வாடகை வண்டியில் ஹெடரும் கிடையாது, ட்யூனரும் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன் அவன். இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாக கிரேப்வைனில் ஏறின. ஏற்றத்தில் அவனைத் தொலைத்துவிட்டு, மேலே டெஹோன் கணவாயில் காத்திருக்கலாம் என்று இவர் திட்டம். ஐந்து மைல் ஏறி முடித்துக் கண்ணாடியில் பார்த்தால், கொஞ்ச தூரத்தில் அந்த வெள்ளை நெற்றி வந்துகொண்டே இருந்தது.

“எவ்வளவுல வந்தே?”

“47 மாமா. அதுக்கு மேல போகல.”

“என்ன பண்ணுனே?”

“நான் என்ன பண்ண? மிதிச்சேன். அது கத்துச்சு. வாடகை வண்டிதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் இந்த பட்டனை அமுக்கச் சொல்லி வண்டி குடுத்தவங்க சொன்னாங்க.”

கியர் நெம்புகோலின் நுனியில் ஒரு பொத்தான். பாரம் இழுக்கும்போது அமுக்க வேண்டியது. அமுக்கினால் கியர் சீக்கிரம் இறங்கும், இறங்கிய கியரிலேயே நிற்கும், இறக்கத்தில் இன்ஜினே பிரேக் பிடிக்கும். அதே பொத்தான் இவர் வண்டியிலும் முதல் நாளிலிருந்தே இருந்தது. பின்னால் டிரெய்லர் கட்டினால்தான் அதைத் தொட வேண்டும் என்று நினைத்திருந்தார். ஒரு வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு.

அன்றிரவு முகாமில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு சதவீத ஏற்றத்தில் 6,190 கிலோ வண்டி என்றால், 370 கிலோ எடையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போவதற்குச் சமம். 50 மைல் வேகத்தில் அதற்கே 109 குதிரைத்திறன் போய்விடும். காற்று, டயர் உருளல், கியர் பெட்டியில் வீணாவது எல்லாம் சேர்த்தால் இருநூறை ஒட்டி வரும். இன்ஜினில் 305 இருக்கிறதே? இருக்கிறது, 4,250 சுற்றில். நான்காவது கியரில் 50 மைலுக்கு இன்ஜின் சுற்றுவது 2,700 தான். அங்கே கையிருப்பு ஏறக்குறைய செலவுக்குச் சரி. கொஞ்சம் தளர்ந்தாலும் வேகம் விழும். மூன்றாவது கியரில் அதே 50 மைலுக்கு 4,150. கஜானா அங்கேதான். கதறல் என்று இவர் பயந்தது அந்த இன்ஜின் வேலை செய்யும் இயல்பான குரல். ஒவ்வொரு முறையும் கஜானாவின் வாசல்வரை போய்விட்டு, காலை எடுத்து, இதோ திறக்கவில்லையே என்று திரும்பி வந்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் ட்யூனரைச் செருகிப் பழைய நிரலை எழுதினார். பொத்தானை அமுக்கி, காலை எடுக்காமல் வடக்கேயிருந்து இன்னொரு முறை ஏறிப் பார்க்க, அந்த வருடக் கடைசியில்தான் வாய்த்தது: 48. ஆக, 42-லிருந்து 50-க்கு வந்த எட்டு மைலில், ஹெடரும் ட்யூனரும் சேர்ந்து கொடுத்தது இரண்டோ மூன்றோ. மிச்சம் கால் கொடுத்தது. உயரம் எடுத்துக்கொள்வதோ இதைவிட அதிகம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீத பலத்தை இழக்கும். யோசெமிட்டியின் டயோகா கணவாய் 9,943 அடி. லீ வைனிங் ஊரிலிருந்து அதற்கு ஏறியபோது, இன்ஜினில் மிஞ்சியிருந்தது 215 குதிரை சொச்சம். டர்போ டீசல் வண்டி ஒன்று அவர்களை அங்கே தாண்டிப் போனது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேனில் கட்டிய சின்ன மோட்டார்ஹோம். 3 லிட்டர், வெறும் 188 குதிரை. காலனுக்கு 15 மைலுக்குக் குறையாமல் போகும் ரகம். அதன் ரகசியம் இன்ஜினில் பாதி. மீதி, அது ஒல்லி.

மைலேஜுக்கு வருவோம். எல்லா உதிரிகளும் மாட்டிய பிறகு இரண்டு வருடச் சராசரி 8.1. முன்பு 7.9. மனைவி ஒரு மாலை இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். வருடத்துக்கு 5,000 மைல். உதிரிக்காரர்கள் சொன்ன பத்து சதவீதம் அப்படியே கிடைத்திருந்தாலும் மிச்சமாவது 57 காலன், 228 டாலர். போட்ட 2,900 திரும்ப வரப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். “அதுக்குள்ள நமக்கு அறுபது தாண்டிரும்” என்றார்.

2016-இல் அவர் செய்த மாற்றத்துக்குச் செலவில்லை. 65-இல் ஓட்டிக்கொண்டிருந்ததை 58-ஆகக் குறைத்தார். எட்டடி அகலமும் பதினோரு அடி உயரமும் உள்ள சுவரைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகிற வண்டி அது. வேகத்தின் வர்க்கத்தில் காற்றின் எதிர்ப்பு ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவர்தான். 65-லிருந்து 58 என்றால் எதிர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டயர்க் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரி செய்தார். காலித் தண்ணீர்த் தொட்டியோடு கிளம்பி, முகாமில் போய் நிரப்பிக்கொண்டார். அந்த வருடச் சராசரி 9.0. பெரியவர் அன்று நிமிர்ந்து பார்த்த நெற்றியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குள் மகன் தூங்கிக்கொண்டிருப்பான்.

கிரைண்டர் கடைசிவரை கூடவே வந்தது.

ஹெடரை அவர் கழற்றவில்லை, ட்யூனரையும் திரும்ப ஏற்றிக்கொண்டார். கியர் தடுமாறாமல் இருப்பது ஓட்டுகிறவருக்கு நிஜமான நிம்மதி. அதை அவர் இன்றும் யாரிடமும் மறுத்துப் பேசுவதில்லை. கலிஃபோர்னியாவில் விலைக்கு வாங்குகிறவர்களை, ஆணை எண் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்கிறார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், வெங்காயக் கதையில் ஆரம்பிப்பார்.

2019-இல் மகன் கல்லூரிக்குப் போனதும் வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவர் முப்பது வயதுக்காரர், மனைவி, கைக்குழந்தை. இன்ஜினில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் ஹெடர், ட்யூனர் என்று சொல்ல, வந்தவர் முகம் மலர்ந்தது. ஆனால் விலையில் ஒரு டாலர்கூட ஏற்றித் தரவில்லை. மைலேஜ் என்ன என்று கேட்டதற்கு மனைவி நோட்டைக் கொடுத்தார். ஏழு வருடம், 41,000 மைல். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, சான் கோர்கோனியோ 6.1 என்ற வரியில் நின்று, இது என்ன ஆயிற்று என்றார்.

“காத்து” என்றார் மனைவி தமிழிலேயே, கையை விரித்து.

சாவி கைமாறியது. நெம்புகோல் நுனியிலிருந்த பொத்தானை இவர் இரண்டு முறை அமுக்கிக் காட்டினார். வண்டி மெதுவாகத் தெருவில் இறங்கி, ஹெடரின் கனத்த குரலோடு திருப்பம்வரை போனபோதுதான், இன்ஜின் மூடிமேல் சூட்டுக்காக எப்போதும் வைக்கிற புளியோதரை டப்பா நினைவுக்கு வந்து, மனைவி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினார்.